பாறை பிடித்துக்கொண்டிருக்கும் கோயில்

சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், டாடோங் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் போனால் ஹெங் மலை வரும். சீனர்கள் புனிதமாகக் கருதும் ஐந்து மலைகளில் வடதிசைக்கு உரிய மலை இது. அதன் அடிவாரத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம் சுவர் எழுப்பியது போல ஒரே பாறை நேராக மேலே போகிறது. அந்தப் பாறையின் இடுப்பில், தரையிலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில், சிவப்பும் பச்சையும் பூசிய மரக் கட்டடங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே சில மெல்லிய குச்சிகள் தெரியும், அவ்வளவுதான். ஷுவான்கோங் சி என்பது அதன் பெயர். வெறும் வெளியில் தொங்கும் கோயில் என்று பொருள்.

படத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது ஏன் விழவில்லை? நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். பதிலைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்தக் குச்சிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாறையைப் பார்க்க ஆரம்பித்தேன். விஷயம் முழுக்கப் பாறைக்குள்தான் இருக்கிறது. 'தொங்கும்' என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. தொங்குகிற எதற்கும் மேலே ஒரு கயிறோ கொக்கியோ வேண்டும். இந்தக் கோயிலை மேலிருந்து எதுவும் இழுத்துப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் பாறைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கோயிலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக நீளும் கட்டடம், கிழக்கைப் பார்த்து நிற்கிறது. தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன முற்றம். அதைத் தாண்டினால் மூன்று அடுக்கு மாடம் ஒன்று, கொஞ்சம் தள்ளி வடக்கே அதே போல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பாறையை ஒட்டிப் போட்ட மரப்பலகை நடைபாதை. பெரிதும் சிறிதுமாக மொத்தம் 40 அறைகள், அவற்றில் வெண்கலம், இரும்பு, கல், களிமண் என்று எண்பது வரையிலான சிலைகள். இவ்வளவும் இருந்தும் கட்டடத்தின் பரப்பு 150 சதுர மீட்டரை ஒட்டித்தான். நம் கணக்கில் 1,600 சதுர அடி, அதாவது ஒரு நடுத்தர வீடு. சில அறைகளில் இரண்டு பேர் சேர்ந்து திரும்ப முடியாது.

சன்ஷேடு எப்படி நிற்கிறது?

கோயிலுக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே பாருங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒரு சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வெளி ஓரத்துக்குக் கீழே தூண் கிடையாது. அதன் ஒரு பக்கம் சுவருக்குள் இருக்கிறது, மேலே உள்ள சுவரின் எடை அதை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மறுபக்கம் காற்றில் நிற்க முடிகிறது. ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்து, மறுமுனையை வெளியே நீட்டிவிடும் இந்த அமைப்பைப் பொறியியல் தமிழில் நெடுங்கை என்கிறார்கள். பால்கனியும் நெடுங்கைதான், மரக்கிளையும் நெடுங்கைதான்.

ஷான்ஷி கோயிலில் கான்கிரீட்டுக்குப் பதில் மரம், சுவருக்குப் பதில் மலை. பாறையில் நேராக உள்நோக்கித் துளை குடைந்து, அதில் கனமான மர விட்டங்களைச் செருகியிருக்கிறார்கள். இப்படி 27 விட்டங்கள் கோயிலைத் தாங்குவதாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாறைக்குள் இருக்கிறது, நாம் பார்ப்பது மிச்சமுள்ள ஒரு பங்கைத்தான். உள்ளூரில் இவற்றுக்குப் பெயர் 'இரும்புக் காவடித் தண்டு'. தோளில் சுமை தூக்கும் காவடித் தண்டைத்தான் சொல்கிறார்கள்.

அது ஏன் மூன்றில் இரண்டு பங்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, கோயிலில் அளந்தவை இல்லை. விட்டத்தின் சொந்த எடையையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

3 மீட்டர் நீள விட்டம் ஒன்று. 2 மீட்டர் உள்ளே, 1 மீட்டர் வெளியே. வெளிமுனையில் 300 கிலோ ஏற்றுகிறோம். விட்டம் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். துளையின் வாய்தான் அதற்கு அச்சு. வெளிமுனை கீழே போகவேண்டுமானால் உள்முனை மேலே எழும்ப வேண்டும். கடப்பாரையால் கல்லை நெம்பும்போது நடப்பது இதுவே. ஆனால் உள்முனை எழும்ப இடமில்லை, துளையின் கூரை அதை அமுக்கிவிடுகிறது. எவ்வளவு அமுக்க வேண்டும்? வெளியே 300 கிலோ, அச்சிலிருந்து 1 மீட்டர் தூரம். உள்ளே தூரம் 2 மீட்டர் என்பதால் பாதி விசை போதும், 150 கிலோ. துளையின் வாய் விளிம்பு இரண்டையும் சேர்த்து 450 கிலோ தாங்கும்.

இப்போது ஒன்றரை மீட்டர் விட்டம் ஒன்றை அரை மீட்டர் மட்டும் உள்ளே செருகி, அதே 1 மீட்டரை வெளியே விடுவோம். உள்ளே தூரம் குறைந்துபோனதால் கூரை 600 கிலோ அமுக்க வேண்டும். வாய் விளிம்பில் 900 கிலோ விழும். சுமை மாறவில்லை, பாறை படும் பாடு மட்டும் கூடிவிட்டது. விளிம்புக் கல் உடையும், இல்லையென்றால் மரம் அந்த இடத்தில் நசுங்கும். ஆழமாகச் செருகியவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டார்களோ இல்லையோ, கை அறிவில் அது இருந்திருக்கிறது.

ஆப்பு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

செருகிய விட்டம் காலப்போக்கில் தளர்ந்து வெளியே நழுவாமல் இருக்க வேண்டும். கோடாலிக் காம்பு கழலாமல் இருக்க என்ன செய்கிறோம்? காம்பின் முனையில் பிளவு விட்டு, அதில் ஆப்பு அடிக்கிறோம். முனை விரிந்து கோடாலியின் கண்ணை இறுக்கிக்கொள்கிறது. கோடாலியில் காம்பின் முனை மறுபக்கம் வெளியே தெரிவதால் ஆப்பு அடிக்க முடிகிறது. பாறைத் துளைக்கு மறுபக்கமே கிடையாதே, உள்ளே போய் யார் சுத்தியல் அடிப்பது?

அந்தக் கைவினைஞர்கள் செய்ததாகச் சொல்லப்படும் வழி இது. துளையை வாயில் குறுகலாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் குடைவது. விட்டத்தின் உள்முனையில் பிளவு விட்டு, அதில் ஆப்பின் நுனியை மட்டும் செருகிவைப்பது. அப்படியே விட்டத்தைத் துளைக்குள் தள்ளி, வெளியிலிருந்து ஓங்கி அடிப்பது. ஆப்பின் பின்பக்கம் துளையின் அடியில் போய் முட்டி நிற்கும், அதற்கு மேல் அது போக முடியாது. விட்டமோ தொடர்ந்து உள்ளே போகிறது. அதனால் ஆப்பு விட்டத்துக்குள் ஏறுகிறது, முனை இரண்டாக விரிகிறது, அகன்ற துளையை நிரப்பிக்கொள்கிறது. இனி அதை வாய் வழியே உருவ முடியாது. எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு இறுகும். இன்று கான்கிரீட் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்டப் போடும் ஆங்கர் போல்ட்டும் உள்ளே போய் விரிந்து பிடிக்கிற இதே வேலையைத்தான் செய்கிறது.

மலைச்சுவரில் விட்டம் செருகும் கலை இந்தக் கோயிலுக்காகப் பிறந்ததும் இல்லை. சீனாவில் மலைகளுக்கு நடுவே போக்குவரத்துக்காகப் பாறையில் துளையிட்டு, மரம் நீட்டி, மேலே பலகை போட்டு நடைபாதைகள் அமைப்பது அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய வழக்கம். சிச்சுவான் பக்கம் படைகளும் தானியமும் போனதே அப்படிப்பட்ட பாதைகளில்தான். பாதை போடத் தெரிந்தவர்கள் அதன் மேல் கோயிலையும் வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

ஏன் மரம்?

கல் விட்டம் போட்டிருந்தால் இன்னும் உறுதியாக இருந்திருக்கும் என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. வெளியே நீண்ட விட்டத்தின் மேல் சுமை ஏறும்போது அதன் மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் அமுங்குகிறது. கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். மரத்தின் நார்களோ நீளவாட்டில் இழுவைக்கு நன்றாக ஈடுகொடுக்கும். தவிர, மரம் முறிவதற்கு முன் வளைந்தும் முனகியும் எச்சரிக்கை தரும்.

பயன்படுத்திய மரம் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரவகை. சீனப் பெயரிலேயே 'இரும்பு' என்ற சொல் சேர்ந்திருக்கிறது. விட்டங்களை டங் எண்ணெயில் ஊறவைத்ததாகச் சொல்கிறார்கள். இது டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய். காற்றுப் பட்டதும் காய்ந்து கெட்டியான படலமாகிவிடும், தண்ணீரை உள்ளே விடாது. சீனர்கள் படகுகளுக்குப் பூசிவந்ததும் இதுதான். விட்டங்களுக்கு மேலே உள்ள கட்டடத்தில், ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் இறக்கும் கழுந்துப் பொருத்துகள்தான் மரங்களைப் பிணைக்கின்றன. கூரையின் கீழே அடுக்கடுக்காக விரியும் தாங்கிக் கட்டைகளும் அதே வகை.

இந்தப் பொருத்துகளில் கொஞ்சம் அசைவுக்கு இடமுண்டு. வடக்கு ஷான்ஷி நிலநடுக்கப் பகுதி. பக்கத்து மாவட்டமான லிங்சியூவில் 1626-இல் ஏறக்குறைய 7 அளவுக்குப் பெரிய நிலநடுக்கம் வந்தது. டாடோங் பகுதியில் 1989-இல் 6 அளவுக்கு மேல் இன்னொன்று. இறுகக் கட்டிய சுவராக இருந்திருந்தால் வெடித்திருக்கும். மரப் பொருத்துகள் கிறீச்சிட்டு அசைந்துகொடுத்துத் திரும்பி நிற்கும்.

அப்படியானால் அந்தக் குச்சிகள்?

படத்தில் எல்லார் கண்ணையும் இழுப்பவை கீழே நிற்கும் ஒல்லித் தூண்கள்தான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் போல இருக்கும். பாறை முண்டுகளின் மேல் ஊன்றி, நீண்ட விட்டங்களையும் நடைபாதையையும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முழுக் கோயிலையும் இவைதான் சுமக்கின்றன என்று நம்பினால் யாருக்கும் வயிறு கலங்கும்.

உள்ளூர்ச் சொல்வழக்கு வேறு கதை சொல்கிறது. ஆரம்பத்தில் இந்தத் தூண்கள் கிடையாதாம். கீழே ஒன்றுமே இல்லாததைப் பார்த்து ஜனங்கள் ஏறப் பயந்தார்களாம். அவர்கள் மனம் சமாதானமாவதற்காகப் பிறகு நட்டுவைத்தார்களாம். கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சில தூண்கள் உண்மையிலேயே சுமை தாங்குகின்றன. சில, மேலே ஆட்கள் நடமாடித் தளம் சற்றுத் தாழும்போது மட்டும் தோள் கொடுக்கின்றன. ஆனால் கதையின் அடிப்படை சரி: பெரும்பாரம் விட்டங்களுக்கும் பாறைக்கும்தான். அந்தப் பகுதி மக்கள் பாட்டாகவே சொல்வார்கள்: தொங்கும் கோயில் பாதி வானம் உயரம், மூன்று குதிரைவால் மயிரில் ஆகாயத்தில் ஆடும். தூண்களைக் குதிரைவால் மயிர் என்று சொல்ல அந்த இடத்தில் பிறந்தவர்களுக்குத்தான் வரும்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டடம் முழுவதும் அந்தரத்தில் இல்லை. தெற்கு முற்றம் பாறையின் இயற்கையான திட்டில் உட்கார்ந்திருக்கிறது. மாடங்களின் பின்பகுதியும் பல இடங்களில் பாறைப் படிகளில் சாய்ந்திருக்கிறது. சில அறைகளுக்குப் பின்சுவரே மலைதான், குடைந்து ஆழப்படுத்தி அங்கே சிலைகளை வைத்திருக்கிறார்கள். எடையின் பெரும்பகுதி உள்பக்கமாகப் பாறையின் மேல் விழுவதால், வெளியே நீண்ட பகுதிக்குச் சுமை குறைவு. முன்பக்கம் இலேசு, பின்பக்கம் கனம். கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த இலேசான முன்பக்கம் மட்டும் தெரிகிறது.

இடத்தைத் தேர்ந்தவரின் கண்

நல்ல மரமும் நல்ல பொருத்தும் இருந்தாலும் வெயிலும் மழையும் சேர்ந்தால் மரக் கட்டடம் உளுத்துவிடும். அதனால் எனக்குக் கட்டியவரைவிட இடம் பார்த்தவர் மேல் ஒரு படி கூடுதல் மரியாதை.

பாறை அந்த இடத்தில் உள்வாங்கியிருக்கிறது. மேல்பகுதி முன்னே துருத்திக்கொண்டு, குடை பிடித்தது போல நிற்கிறது. மேலிருந்து வழியும் தண்ணீரும் உருளும் கற்களும் பெரும்பாலும் கோயிலைத் தொடாமல் வெளியே விழுந்துவிடும். எதிரே இருக்கும் மலையும் துருத்திய பாறையும் சேர்ந்து வெயிலை மறைக்கின்றன; கோடையில்கூட நாளுக்கு மூன்று மணி நேரம்போலத்தான் நேர்வெயில் படுகிறதாம். பள்ளத்தாக்கில் வீசும் காற்றின் வேகமும் உள்வாங்கிய மடிப்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பிரதேசமே வறண்டது, ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான் மழை.

உயரத்துக்கும் காரணம் உண்டு. பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு அந்த நாளில் மழைக்காலம் வந்தால் பொங்கிவிடும். மலைகளுக்கு நடுவே போகும் பழைய வழியும் அதுவே. வழிப்போக்கர்கள் வணங்கவும் தங்கவும் ஓர் இடம் வேண்டும், அது வெள்ளத்துக்கு எட்டாமலும் இருக்க வேண்டும். தரையில் கட்டியிருந்தால் ஆறு கொண்டுபோயிருக்கும்.

யார், எப்போது?

கோயிலின் தொடக்கத்தைக் கி.பி. 491 என்று சொல்கிறார்கள். வட வேய் அரசு வட சீனாவை ஆண்ட காலம். அதன் தலைநகர் பிங்செங், இன்றைய டாடோங். புகழ்பெற்ற யுன்காங் குகைகளில் மலையைக் குடைந்து மாபெரும் புத்தர்களைச் செதுக்கியதும் அதே அரசு, அதே நூற்றாண்டு. பாறையோடு பழகிய கைகள் அந்த வட்டாரத்தில் நிறைய இருந்திருக்கும். கோயில் எழுந்து மூன்றே ஆண்டுகளில், 494-இல், தலைநகர் தெற்கே லோயாங்குக்குப் போய்விட்டது. லியாவ் ரான் என்ற ஒரு துறவி தனியாளாகத் தொடங்கினார் என்பது மரபுக் கதை. சேவல் கூவுவதும் நாய் குரைப்பதும் கேட்காத உயரத்தில் கோயில் வேண்டும் என்று தாவோ மதகுரு கோவ் சியென்ஜி ஆசைப்பட்டதும் தொடக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் 448-இலேயே இறந்துவிட்டவர், கோயில் எழுந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

1,500 ஆண்டு என்றவுடன் ஒவ்வொரு பலகையும் அவ்வளவு பழசு என்று நினைத்துவிடக் கூடாது. மரக் கோயில் என்பது பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. இன்று நாம் பார்க்கும் மேல்கட்டு பெரும்பாலும் மிங், சிங் அரச காலங்களில் (14-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை) புதுப்பித்தது. இதனால் கோயிலின் மதிப்பு குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. உளுத்த பலகையைக் கழற்றி, அதே பாறை முகத்தில், அதே உயரத்தில் தொங்கிக்கொண்டு புதுப் பலகை போட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தத் தச்சர்கள் இல்லாமல் 491 என்ற ஆண்டுக்கு இன்று அர்த்தமே இருந்திருக்காது.

மூவர் ஒரே அறையில்

வடக்கு மாடத்தின் உச்சியில் ஒரு அறை. நடுவில் சாக்கியமுனி புத்தர், இருபுறமும் லாவோசியும் கன்பூசியஸும். பௌத்தம், தாவோ, கன்பூசியம் மூன்றின் தலைவர்களும் ஒரே பீடத்தில். சீனாவில் இந்த மூன்று வழிகளும் ஒன்றோடொன்று கலந்தே வாழ்ந்தாலும், இந்தக் காட்சி அபூர்வம்.

அரசர்களின் தயவு நிலையில்லாதது. வட வேய் காலத்திலேயே 446-இல் பேரரசர் தாய்வு பௌத்தத்தை ஒடுக்கினார், மடங்கள் அழிந்தன. சில ஆண்டுகளில் அடுத்து வந்தவர் பௌத்தத்தைத் திரும்ப வாழவைத்தார். மூவரையும் சேர்த்து வைத்திருக்கும் கோயிலை எந்த அரசும் எளிதில் இடிக்காது என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மலைவழியில் களைத்து வருகிற ஒருவரிடம் நீ யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு இடம் கொடுக்கும் நிலையில் அப்படிப்பட்ட சத்திரக் கோயில் இருந்திருக்காது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

பழைய பெயரிலும் இந்தச் சேர்க்கை உண்டு. முன்பு 'ஷுவான்' என்ற இடத்தில், அதே ஒலியுள்ள வேறு எழுத்தை எழுதினார்கள். அதற்கு ஆழ்ந்த மறைபொருள் என்று அர்த்தம், தாவோ வழியினரின் சொல். 'கோங்' என்பது பௌத்தர்கள் சொல்லும் சூனியம், அதாவது வெறுமை. பிற்காலத்தில் எழுத்தை மாற்றித் 'தொங்கும்' என்று எழுதத் தொடங்கியபோது, காதுக்குப் பெயர் மாறவேயில்லை.

1633-இல் மிங் காலப் பயணி ஷூ சியாகே இங்கே வந்தார். நிமிர்ந்து பார்த்ததும் மனம் பறந்ததாகவும், துணிவைத் திரட்டிக்கொண்டு தனியாக ஏறியதாகவும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உலகிலேயே மாபெரும் காட்சி என்று அவர் வியந்தது முதலில் அந்தச் செங்குத்துப் பாறையை, பிறகு அதற்கு அழகு சேர்க்கும் கோயிலை. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது போகிறவர்கள் படியேறி வரிசையில் நின்று உள்ளே போகலாம். ஒரே நேரத்தில் மேலே இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு, கூட்டமான நாட்களில் காத்திருக்க வேண்டும். காலையில் போவது நல்லது. கோயில் கிழக்கைப் பார்ப்பதால், கிடைக்கிற கொஞ்ச நேர வெயில் அப்போதுதான் விழும். ஏறுவதற்கு முன் பள்ளத்தாக்கில் நின்று நடைபாதையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தூண்களை விட்டுவிட்டு, விட்டங்கள் பாறைக்குள் நுழையும் அந்தச் சதுரத் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போங்கள். மிச்சம் இரண்டு பங்கு அதற்கு உள்ளே, இருட்டில், விரிந்த ஆப்போடு இருக்கிறது.